ஒரே அலை, பல குரல்கள்: உப்புவெளிக் கடலில் ஒத்துழைப்பின் கணக்கு

உப்புவெளிக் கரையில் நின்று தென்கிழக்கே பார்த்தால் கோணேசர் மலை தெரியும். அந்த மலையைச் சுற்றிக் கொட்டியாரக் குடாப் பக்கம் திரும்பும் கப்பல்கள், சீனக்குடா மாவாலைக்குக் கோதுமையும் சிமெந்து ஆலைக்கு மூலப்பொருளும் எண்ணெய்க் குதங்களுக்கு எரிபொருளும் கொண்டுவருகின்றன. வடக்கே புறாத்தீவுப் பக்கம் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. இடையில் அலஸ்தோட்டம் முதல் நிலாவெளி வரை, ஃபைபர் வள்ளங்களில் தொழிலுக்குப் போகிறவர்கள். கடற்படைக் கலங்களுக்கு நேரம் காலம் இல்லை. இவர்களில் கடல் வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் முதல் அழைப்பை விடுக்கும் இடம் ஒன்றுதான்: 156.8 மெகாஹேர்ட்ஸ், 16ஆம் அலைவரிசை. உதவி கேட்டு அழைப்பதும் அதில், அக்கம்பக்கத்துக் கப்பலைக் கூப்பிடுவதும் அதில். பேச்சு நீளுமானால் வேறொரு அலைவரிசைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான விதி.

இந்த வயர்லெஸ் எஃப்.எம். முறையில் இயங்குகிறது. ஒரே கணத்தில் இருவர் பொத்தானை அழுத்தினால், இருவரின் வலுவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது, கேட்பவருக்கு ஒரு கீச்சொலி மட்டும் மிஞ்சும். ஒருவர் வலு கூடியவரானால் மற்றவர் அடியோடு மறைந்துபோவார். மறைந்தவர் பேசியதற்கான தடயம்கூட இருக்காது. இரண்டாவது நிலைதான் ஆபத்தானது. அருகில் நிற்கும் கப்பலின் 25 வாட் கருவி, தொலைவில் தத்தளிக்கும் வள்ளத்தின் 5 வாட் கைக்கருவியை விழுங்கிவிடும். அதனால்தான் கலங்களில் பொருத்தும் கடல் வயர்லெஸ்களில் 25 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு இறக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. துறைமுகத்துக்குள் கிட்டத்தில் நிற்பவருடன் பேசும்போது அதை அழுத்திவிட்டுப் பேசுகிறவர், தன் குரலைக் குறைத்துத் தனக்குத் தெரியாத யாரோ ஒருவருக்கு இடம் விடுகிறார்.

பல பேர் ஒரே அலையைப் பகிர்ந்தால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். இது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறையும், ஏன் குறையும் என்பதில்தான் பொதுப்புத்திக்கும் கணிதத்துக்கும் இடையே தூரம் விழுகிறது. பகிர்வதால் வரும் இழப்பு நாம் நினைப்பதைவிடச் சிறியது. பெரும் இழப்பு, அனுப்புகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் அனுப்புவதால் வருகிறது. அந்த அறியாமையைக் கொஞ்சம் குறைத்தாலே கிடைக்கும் ஆதாயம், செலவழித்த அளவுக்குப் பொருத்தமில்லாத வகையில் பெரிதாக இருக்கும். இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். இது உப்புவெளி வள்ளக்காரரின் உயிரோடு தொடர்புள்ள வாதமும்கூட.

ஒரு தொடர்புத்தடத்தின் ‘கொள்ளளவு’ என்ற கருத்தை க்ளோட் ஷானன் 1948இல் வரையறுத்தார். இரைச்சல் எவ்வளவு இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே நின்றால் பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துச் செய்தியை அனுப்பலாம். அந்த எல்லை வேகமே கொள்ளளவு. அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர் என்ற நிலைக்கான விடை அது. பலர் அனுப்பி ஒருவர் பெறும் நிலைக்கு விடை வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மனியின் ருடோல்ஃப் ஆல்ஸ்வேடே 1971இல் ஆர்மீனியாவில் நடந்த மாநாட்டில் அதை முன்வைத்தார். ஹென்றி லியாவ் 1972இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் தனியாக அதே இடத்தை அடைந்தார்.

ஹவாய் இதில் வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. தீவுகளுக்கிடையே கணினிகளை இணைக்க நோர்மன் ஏப்ரம்சனின் குழு ‘அலோஹா’ என்ற வானொலி வலையமைப்பை அதே பல்கலைக்கழகத்தில் அமைத்துக்கொண்டிருந்தது. 1971இல் அது இயங்கத் தொடங்கியது. அதன் விதி மிக எளியது: சேதி இருந்தால் உடனே அனுப்பு, மோதிவிட்டால் சற்றுப் பொறுத்துத் திரும்ப அனுப்பு. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தின் விலையையும் ஏப்ரம்சன் கணக்கிட்டார். அலையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் பயன்படும். மிச்சம் மோதலிலும் வெறுமையிலும் போய்விடும். 1972இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் ஒரேயொரு திருத்தம் சொன்னார். எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றி, நேரத்தைச் சம கூறுகளாக வெட்டி, கூறு தொடங்கும்போது மட்டும் அனுப்பட்டும். அவ்வளவுதான். பயன்பாடு இரட்டித்து 36.8 சதவீதமானது. யார் என்ன அனுப்பப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. கடிகாரத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதற்கே இரண்டு மடங்கு.

ஆல்ஸ்வேடேயும் லியாவும் கண்டது இதைவிட ஆழமானது. இரண்டு அலைகள் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும் என்பது இயற்கையின் விதி அல்ல. அது பெறுகிற கருவியின் பலவீனம். இரைச்சலோடு சேர்த்தே வலுத்த குரலை முதலில் பிரித்தறிந்து, அதைக் கலவையிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சியதில் மெலிந்த குரலைக் கேட்கலாம். குறியீடுகளை ஏற்றபடி அமைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். மோதல் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. ஆனால் அதற்கு இருவரும் எந்தக் குறியீட்டை எந்த வேகத்தில் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். கோட்பாட்டு நூல்கள் ‘ஒத்துழைப்பு இல்லாத’ நிலை என்று சொல்வதிலும் இந்த முன்னேற்பாடு ஒளிந்திருக்கிறது. செய்தியைத்தான் பகிர்ந்துகொள்ளவில்லை, முறையைப் பகிர்ந்துகொண்டுவிட்டார்கள்.

செய்தியையும் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும்? இதை ஒரு சின்ன மாதிரியில் முழுதாகவே பார்த்துவிடலாம்.

இருட்டில் கடலில் இரண்டு வள்ளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, எரியலாம், அணைந்திருக்கலாம். கரையில் இருப்பவருக்கு எத்தனை விளக்கு எரிகிறது என்பது மட்டும் தெரியும்: சுழி, ஒன்று, இரண்டு. ஒன்று என்றால் யாருடையது என்று தெரியாது. முறை வைத்து ஒருவர் விட்டு ஒருவர் காட்டினால் கணத்துக்கு ஒரு பிட் போகும். அதற்கு மேல் போக வழி உண்டு. முதல் வள்ளம் தன் பிட்டுகளை அப்படியே ஒவ்வொரு கணமும் காட்டட்டும். கரையில் ‘சுழி’ அல்லது ‘இரண்டு’ தெரியும்போது இரு வள்ளங்களின் நிலையும் தெளிவு. ‘ஒன்று’ தெரியும்போது குழப்பம். குழப்பம் சராசரியாகப் பாதிக் கணங்களில் வரும். ஆகவே இரண்டாம் வள்ளம், தன் அடையாளங்களில் பாதி அழிந்தாலும் மீட்டெடுக்கக்கூடிய குறியீட்டில், அரை வேகத்தில் அனுப்பட்டும். கரையில் உள்ளவர் அதை முதலில் மீட்டுக் கழித்துவிட்டால் முதல் வள்ளத்தின் பிட்டுகள் முழுதாகக் கையில் நிற்கும். மொத்தம் கணத்துக்கு 1.5 பிட். ஒருவர் செய்தியை ஒருவர் அறியாத வரையில் இதைத் தாண்ட முடியாது என்பது நிறுவப்பட்ட தேற்றம்.

இருவரும் முழுமையாக ஒன்றுபட்டால், மூன்று காட்சிகளையும் சம அளவில் பயன்படுத்தலாம். தனித்தனியாக இயங்கும்போது ‘ஒன்று’ பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சுழிக்கும் இரண்டுக்கும் கால் கால். சேர்ந்து முடிவெடுத்தால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு. அப்போது 1.585 பிட். கூடுதல் சிறியதுதான். ஆனால் அந்தக் கூடுதலை எட்ட முழு ஒற்றுமை தேவையா என்ற கேள்விக்கு 1975இல் கார்டரும் வுல்ஃபும் தந்த விடை அழகானது.

கரையில் இருப்பவர் தான் கண்ட எண்ணிக்கையை உடனே திருப்பிக் காட்டட்டும். வள்ளங்களுக்குள் நேரடிப் பேச்சே வேண்டாம். இருவரும் 1000 கணங்களுக்குத் தங்கள் பிட்டுகளைக் குறியீடு எதுவுமின்றிக் காட்டுகிறார்கள். சுமார் 500 கணங்களில் கரையில் ‘ஒன்று’ தெரிந்து குழப்பம். வள்ளங்களுக்கோ குழப்பமில்லை: எண்ணிக்கையிலிருந்து தன் விளக்கைக் கழித்தால் மற்றவருடையது தெரிந்துவிடும். இப்போது அந்த 500 பிட்டும் இருவருக்கும் பொதுச் சொத்து. அதை இருவரும் ஒரே கையாகச் சேர்ந்து, கணத்துக்கு 1.585 என்ற முழு ஒற்றுமை வேகத்தில் அனுப்பினால் 315 கணங்களில் முடிந்துவிடும். 1315 கணங்களில் 2000 பிட், கணத்துக்கு 1.52. தாண்ட முடியாத 1.5 தாண்டப்பட்டுவிட்டது. பின்னர் வந்த முறைகள் இதே வழியில் 1.58 வரை ஏறின.

இதில் என்னை நிறுத்தியது வேறொன்று. அனுப்புகிறவர் ஒருவராக இருந்து, முந்திய கணம் அடுத்த கணத்தைப் பாதிக்காத தடமாக இருந்தால், பெறுநர் கண்டதை இப்படித் திருப்பிக் காட்டும் பின்னூட்டம் கொள்ளளவை ஒரு துளியும் கூட்டாது என்று ஷானன் 1956இலேயே நிறுவியிருந்தார். இருவர் என்று வந்ததும் அதே பின்னூட்டம் கொள்ளளவைக் கூட்டுகிறது. தடம் மாறவில்லை, விளக்குகள் மாறவில்லை. கூடியது அத்தனையும் ஒருவர் நிலையை மற்றவர் அறிந்ததால் கூடியது.

வானொலி அலைகளில் இந்தக் கணக்கு இன்னொரு உருவம் எடுக்கிறது. சம வலுவுள்ள இரு அனுப்புநர் தனித்தனிச் செய்தி அனுப்பினால் பெறுநருக்கு வந்து சேரும் மொத்த வலு இரண்டு மடங்கு. ஒரே செய்தியை, அலையின் முகடு முகட்டோடு பொருந்த அனுப்பினால் வீச்சு இரட்டிக்கும், வலு நான்கு மடங்காகும். தரையிலுள்ள கைப்பேசிக் கோபுரங்களைக் கண்ணாடியிழையால் பிணைத்து இப்படிச் சேர்ந்தியங்க வைக்கும் முறைகள் நான்காம் தலைமுறைத் தரத்திலேயே வந்துவிட்டன. கடலில் இது எடுபடாது. 156.8 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 1.9 மீற்றர். அலைமேல் ஆடும் வள்ளம் பெறுநரை நோக்கி ஒரு மீற்றர் நகர்ந்தாலே முகடு பள்ளத்தோடு பொருந்தி, கூட்டல் கழித்தலாகிவிடும். வாடைக்காற்றுக் காலத்துக் கிழக்குக் கடலை அறிந்த எவரும் அந்த ஒரு மீற்றருக்கு உத்தரவாதம் தரமாட்டார். ஆகவே கடலோடிகளுக்குப் பயன்படும் ஒத்துழைப்பு வேறு வகை: அலைமுகடுகளைப் பொருத்துவது அல்ல, யார் எப்போது பேசுவார் என்பதைத் தெரிந்திருப்பது.

எவ்வளவு தெரிந்திருந்தால் போதும்? நெதர்லாந்தின் ஃப்ரான்ஸ் வில்லெம்ஸ் 1983இல், அனுப்புநர்களுக்கிடையே குறுகிய கொள்ளளவுள்ள இணைப்பு ஒன்று இருந்தால் எல்லை எவ்வளவு விரியும் என்று வரைந்தார். 2014 தொடங்கி மிஷெல் எஃப்ரோஸ், மைக்கேல் லாங்பெர்க், பர்ஹாம் நூர்ஸாத், டிரேசி ஹோ ஆகியோர் எழுதிய கட்டுரைகள் கேள்வியைக் கூர்மையாக்கின. அனுப்புநர் எல்லோரும் சொல்வதைக் கேட்டு, ஆளுக்குச் சில பிட் மட்டும் திருப்பிச் சொல்லும் ஓர் இடையாளரை வைத்தார்கள். பரந்த ஒரு வகைத் தடங்களில், இடையாளர் சொல்லும் அளவு சுழியிலிருந்து சற்றே நகரும் இடத்தில் ஆதாயக் கோட்டின் சரிவு எல்லையற்றதாக இருக்கிறது என்று காட்டினார்கள். அதாவது, மிகச் சிறிய ஒத்துழைப்பில் ஒரு பிட் செலவுக்கு ஒரு பிட் வரவு என்ற கணக்கே பொருந்தாது. வரவு பல மடங்கு. லாங்பெர்க்கும் எஃப்ரோஸும் 2016இல் இன்னும் ஒரு படி போய், பிழையை மிகக் கண்டிப்பாக அளக்கும்போது, முழு அனுப்புகைக்கும் சேர்த்து ஒரேயொரு பிட் ஒத்துழைப்பே கொள்ளளவை மாற்றும் தடங்கள் உண்டு என்று நிறுவினார்கள். முதல் துளிக்குத்தான் மதிப்பு அதிகம். பத்தாவது துளிக்கு அவ்வளவு இல்லை.

கரைவலை இழுக்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வலை வளைக்கும் கரைத்துண்டைப் பாடு என்பார்கள். ஒரு பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சம்மாட்டிமாருக்கு உரிமை இருந்தால் முறை வைத்து வளைப்பார்கள். இரண்டு வலை ஒரே நேரத்தில் வளைந்தால் கயிறு சிக்கி இருவருக்கும் நட்டம். ஒன்றும் வளையாவிட்டால் மீன் போய்விடும். தேவைப்படுவது இன்று யாருடைய முறை என்ற ஒரு சேதி. அந்த ஒரு சேதியில் ஒரு பருவத்தின் உழைப்பு நிற்கிறது. தென்னிலங்கையின் கரைவலைச் சமூகம் ஒன்றை ஆராய்ந்த போல் அலெக்சாண்டரின் நூல் 1982இல் வந்தது. பொதுவள ஆட்சி பற்றி எழுதிய எலினோர் ஒஸ்ட்ரம் அதை எடுத்தாண்டார். அங்கே முறை இருந்தும் வலைகளின் தொகை கட்டுமீறிக் கூடியதால் ஆளுக்குரிய வருவாய் விழுந்தது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. முறை மோதலைத் தடுக்கும், எண்ணிக்கையை மட்டுப்படுத்தாது. அலைவரிசைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

இன்று திருகோணமலை வாயிலில் நுழையும் ஒவ்வொரு பெரிய கப்பலும் இந்தக் கோட்பாட்டின் ஒரு செயல்வடிவத்தைச் சுமந்துவருகிறது. தானியங்கி அடையாள முறைமை, சுருக்கமாக ஏ.ஐ.எஸ். சர்வதேசப் பயணம் செய்யும், 300 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 2004 இறுதியிலிருந்து இது கட்டாயம். தன் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றைக் கப்பல் தானே அறிவித்துக்கொண்டிருக்கும். 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைகள்தான் உலகம் முழுவதற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் 2250 கூறுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு கூறு 26.67 மில்லிசெக்கன், 256 பிட். கடிகாரத்தைச் செய்மதி தருகிறது. எந்தக் கூறு யாருக்கு என்று பங்கிடும் அதிகாரி கரையில் யாரும் இல்லை. கப்பல்கள் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்கின்றன.

எப்படி என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இட அறிவிப்புச் செய்தியின் உள்ளடக்கம் 168 பிட். அதன் கடைசி 19 பிட் கப்பலின் இடத்தைப் பற்றியதே அல்ல, அலையைப் பற்றியது. முதல் 2 பிட், தன் கடிகாரம் எதைப் பார்த்து ஓடுகிறது என்று சொல்கிறது. அடுத்த 3 பிட், இந்தக் கூறை இன்னும் எத்தனை நிமிடங்களுக்கு வைத்திருப்பேன் என்று சொல்கிறது. மிச்சம் 14 பிட் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்: சில வேளை கூறின் எண், சில வேளை நேரம், கூறைக் கைவிடப்போகும் வேளையில் அடுத்து எந்தக் கூறுக்கு மாறுவேன் என்ற அறிவிப்பு. சில நிமிடங்களில், நான் எத்தனை நிலையங்களைக் கேட்கிறேன் என்ற எண்ணிக்கை. இதைக் கேட்கும் ஒவ்வொரு கப்பலும் தன் நிமிடப் படத்தில் அந்தக் கூறுகளை மற்றவருடையது என்று குறித்துக்கொண்டு, வெறுமையான கூறை எடுக்கிறது. செய்தியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு ஒத்துழைப்புக்காகச் செலவு.

வரவு என்ன? மணிக்கு 14 கடல்மைல் வேகத்துக்குக் குறைவாகப் போகும் கப்பல் 10 செக்கனுக்கு ஒரு முறை, நிமிடத்துக்கு 6 முறை அறிவிக்கிறது. இரண்டு அலைகளிலும் சேர்த்து நிமிடத்துக்கு 4500 கூறுகள். கடிகாரம் மட்டும் ஒத்துப்போன அலோஹா முறையானால் 36.8 சதவீதம், அதாவது சுமார் 1650 கூறுகள் பயன்படும். ஏறத்தாழ 275 கப்பல்கள். முழு ஒழுங்கில் 750 கப்பல்கள் என்பது தாளில் போட்ட உச்சக் கணக்கு. கடலில் அதைத் தொட முடியாவிட்டாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்பதில் ஒரு பங்கைக் கொடுத்து இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். கூறுகள் நிரம்பிவிட்டால் கருவி மிகத் தொலைவிலுள்ள கப்பலின் கூறை எடுத்துக்கொள்ளும். கிட்டத்தில் இருப்பவரோடுதான் மோதும் அபாயம் அதிகம் என்பதால், நெரிசல் கூடும்போது கேட்கும் வட்டம் தானாகச் சுருங்கும், ஆனால் அறுந்துபோகாது.

இந்த ஏற்பாடு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: அனுப்புகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகும் கிழக்கு மேற்குக் கப்பல் பாதையைச் செய்மதியிலிருந்து கேட்டால் இது புலப்படும். கப்பல்கள் சில பத்துக் கடல்மைல்களுக்குள் தங்களை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. செய்மதியோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றரை ஒரே நேரத்தில் கேட்கிறது. தங்களுக்குள் ஒழுங்கான பல குழுக்கள், ஒன்றையொன்று அறியாததால், மேலே போய் மோதுகின்றன. திருகோணமலை உள்துறைமுகத்தை மலைகளும் முனைகளும் வளைத்திருக்கின்றன. நேர்கோட்டில் போகும் இந்த அலைகளுக்கு அவை திரை. ஒரே கரைநிலையத்துக்குக் கேட்கும் இரு கலங்கள் தங்களுக்குள் கேளாமல் போகக்கூடிய அமைப்பு அது. அத்தகைய இடங்களில் கரையிலிருந்து பேசும் இடையாளர் இன்றியமையாதவர்.

இடையாளர் என்பது ஏட்டுக் கற்பனை அல்ல. பேரிடர் வேளையில் அமெச்சூர் வானொலியாளர்கள் வலையமைப்பு அமைக்கும்போது ஒரு நிலையம் கட்டுப்பாட்டு நிலையமாகும். அது பெயர் சொல்லி அழைத்த பிறகே மற்றவர் பேசுவார். 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரையையும் அடித்துப் போனது. அந்த நாட்களில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே இலங்கை அமெச்சூர்கள் சிற்றலையில் தொடர்பை நடத்திக் காட்டினார்கள். உப்புவெளிக்கு வடக்கே, நிலாவெளிக்கும் அப்பால், ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி நெடுங்காலம் நடத்தி, பின்னர் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்த அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் இன்னொரு சான்று. 250 கிலோவாட் வலுவில் கண்டம் தாண்டும் சிற்றலை நிலையங்கள் தாமாக அலையைத் தெரிந்தெடுத்தால் உலகம் முழுவதும் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஆகவே ஒலிபரப்பாளர்கள் ஆண்டுக்கு இரு முறை கூடி, வரும் பருவத்துக்கான அலை அட்டவணையை ஒப்பிட்டு, மோதும் இடங்களைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். போட்டியாளர்கள்தான், பேசாவிட்டால் எல்லோருக்கும் நட்டம் என்று அறிந்தவர்கள்.

இப்போது வள்ளக்காரரிடம் வருவோம். பலநாள் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்துவிட்டது. 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்து, 2016இல் நீக்கிய இடைவெளியில் அது வேகமாகப் பரவியது. அந்தக் கருவி படகின் இடத்தைக் கொழும்புக்குச் சொல்கிறது. அரைக் கடல்மைல் தூரத்தில் வரும் கப்பலுக்குச் சொல்வதில்லை. பெறுநருக்குத் தெரியும், அயலாருக்குத் தெரியாது. கோட்பாட்டின் மொழியில், இது அனுப்புநர் ஒத்துழைப்பே இல்லை. உப்புவெளியின் ஃபைபர் வள்ளங்களுக்கோ அந்த இரண்டு அலைகளிலும் பெரும்பாலும் குரல் கிடையாது. கையில் இருப்பது கைப்பேசி. கோபுரம் எட்டும் வரையில் கோபுரமே இடையாளராக நின்று ஆளாளுக்கு நேரமும் அலையும் பங்கிடும். எட்டாத தூரத்தில் ஒன்றுமில்லை.

சிறு கலங்களுக்கான ஏ.ஐ.எஸ். கருவி இருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு, வேறுபாடு முக்கியமானது. மலிவான வகை 2 வாட். கூறு தொடங்கும்போது காது கொடுத்து, அமைதியாக இருந்தால் அனுப்பும். அது கேட்கும், ஆனால் அடுத்த நிமிடத்துக்குத் தன் இடத்தை முன்பதிவு செய்யாது. அலையில் நெரிசல் கூடினால், மரியாதையாகக் காத்திருந்து காத்திருந்து அறிவிப்பைக் கைவிட்டுவிடும். கப்பல்கள் நெருங்கி ஓடும் அந்த வேளையில்தான் வள்ளம் திரையிலிருந்து மறைய வாய்ப்பு அதிகம். மற்ற வகை 5 வாட். கப்பல்களைப் போலவே முன்பதிவு செய்யும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வெறும் வாட் கணக்காகப் பார்ப்பது தவறு. ஒன்று ஒத்துழைப்புக்குள் இருக்கிறது. மற்றது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒதுங்கிப்போகும் சுமை முழுவதும் வாசலில் நிற்பவர்மீது விழுகிறது.

இத்தனை சிறு கலங்களைச் சேர்த்தால் அலை தாங்குமா என்று கேட்பார்கள். மலிவான வகையில் ஓடும் வள்ளம் 30 செக்கனுக்கு ஒரு முறை, நிமிடத்துக்கு இரண்டு முறை அறிவிக்கும். ஒரே கேட்கும் வட்டத்துக்குள் 500 வள்ளங்கள் என்றால் நிமிடத்துக்கு 1000 கூறுகள்; 4500இல் கால் பங்குக்கும் குறைவு. முன்பதிவு செய்யும் வகை வேகமாக ஓடும்போது கூடுதலாக அறிவிக்கும். வலை விரித்து நிற்கும் வள்ளத்துக்கு அந்தத் தேவை வராது. முன்பதிவோடு வந்தால் தாங்கும். ஆளாளுக்கு இறக்கிக் கட்டினால் தாங்காது. பல நாடுகளில் வலைமிதவைகளுக்கு விதிக்குப் புறம்பான ஏ.ஐ.எஸ். விளக்குகளைக் கட்டி இதே இரண்டு அலைகளையும் அடைத்த அனுபவம் இருக்கிறது. அந்தச் சிக்கலால்தான் 2019 உலக வானொலி மாநாடு வலைமிதவை போன்றவற்றுக்கு 160.9 மெகாஹேர்ட்ஸை ஒதுக்கியது.

கருவியோடு மொழியும் வேண்டும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கடல் பேச்சுக்கான தரப்படுத்திய ஆங்கிலத் தொடர்களை ஏற்றது. அது முன்கூட்டியே ஒத்துக்கொண்ட குறியீட்டு நூல். எந்த நாட்டு மாலுமியும் எந்த நாட்டு மாலுமியிடமும் பிழையின்றிப் பேச உதவுவது. பேச்சு முடிவில் வரும் ‘ஓவர்’ என்ற ஒரு சொல், இனி உங்கள் முறை என்று அறிவிக்கிறது. கொட்பே துறையிலிருந்தோ உப்புவெளிக் கரையிலிருந்தோ போகும் ஒரு தொழிலாளிக்கு அந்தத் தொடர்களில் இருபது முப்பதையாவது தமிழ் விளக்கத்தோடு கற்றுக்கொடுப்பது சில மாலை நேர வகுப்புகளில் முடிகிற வேலை.

கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்துக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் என் வேண்டுகோள் இது: சிறு வள்ளங்களுக்குக் கருவி வாங்க மானியம் கொடுக்கும் நாள் வரும்போது விலையை மட்டும் பார்த்து, கேட்டு ஒதுங்க மட்டும் தெரிந்த வகையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். தன் இடத்தைத் தானே பதிவு செய்யும் வகையைக் கொடுங்கள். உரிமக் கட்டணத்தை வள்ளக்காரர் தாங்கும் அளவில் வையுங்கள். பயிற்சியைத் தமிழிலும் சிங்களத்திலும், கரையிலேயே, கடற்றொழிலாளர் சங்கங்களின் கட்டடங்களில் நடத்துங்கள். உப்புவெளியில் அதைத் தொடங்க அடுத்த வாடைக்காற்று வரை காத்திருக்கத் தேவையில்லை.